அவள் சொல்ல நான் பூசிய நிறம்

முதலில் திறக்காமல் போனது நீல நிற டியூபின் மூடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் மனைவி படம் வரைய உட்கார்ந்திருந்தாள். நான் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"என்னாங்க, இதக் கொஞ்சம் தெறந்து குடுங்க. பெயின்ட் காஞ்சி ஒட்டிக்கிச்சி போல."

வாங்கித் திருகினேன். ஒரே திருகில் வந்துவிட்டது. மரையில் காய்ந்த பெயின்ட் எதுவும் இல்லை.

"இன்னா டீச்சர், காலையில இட்லி பத்தலியா?" என்றேன். அவளும் சிரித்தாள்.

அவள் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். இருபத்திரண்டு வருடங்களாக அதே பள்ளி. நான் லிஃப்ட் மெக்கானிக். அபார்ட்மென்ட்களிலும் ஆபீஸ்களிலும் நின்றுபோகும் லிஃப்ட்களைச் சரி செய்கிற வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. வாரத்தில் ஆறு நாளும் அவள் பிள்ளைகளுக்கு மாம்பழமும் தேசியக் கொடியும் வரையச் சொல்லிக் கொடுப்பாள். ஏழாம் நாள் தனக்காக வாட்டர்கலர். யாருக்கும் விற்றதில்லை, எங்கும் மாட்டியதில்லை. வரைந்து முடித்ததும் இரண்டு நாள் சுவரில் ஒட்டிவைத்துப் பார்ப்பாள். பிறகு பரணில் இருக்கும் பெட்டிக்குப் போய்விடும்.

அடுத்த மாதம் கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸ் கை நழுவியது. பிறகு பிரஷ். பிறகு ஜாக்கெட் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிட்டாள். தோள்பட்டை வலி என்று எண்ணெய் தேய்த்தோம். பள்ளியில் ஒருத்தி சொன்னாள் என்று கழுத்து எலும்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் இன்னொருவரிடம் அனுப்பினார். ஊசி குத்தி, கரன்ட் வைத்து, ஸ்கேன் எடுத்து, எட்டு மாதம் கழித்து ஒரு நரம்பு டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தமிழிலேயே சொன்னார்.

"கையில ஆரம்பிச்சிருக்கும்மா. மெதுவா மத்த எடத்துக்கும் போகும். காலு, பேச்சு, முழுங்கறது, கடைசியில மூச்சு. நிறுத்தற மருந்து இல்ல. கொஞ்சம் மெதுவாக்கற மாத்திரை இருக்குது. எழுதித் தரேன்."

அவள்தான் கேட்டாள்.

"வலது கை எவ்ளோ நாள் வரும், டாக்டர்?"

"வீட்டு வேலைக்கு ஆள் வெச்சிக்கோங்க. சமையலெல்லாம் இனிமே சிரமப்பட்டுப் பண்ண வேணாம்."

ஆட்டோவில் திரும்பினோம். அல்சூர் சிக்னலில் நின்றபோது சொன்னாள். "நான் கையப் பத்திக் கேட்டா அந்தாளு சமையலப் பத்திச் சொல்றாரு."

பிரஷ் பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று, ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோமை வெட்டி அதன் காம்பில் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தேன். ஆறு வாரம் ஓடியது. அப்புறம் இடது கையில் முயன்றாள். இடது கையும் வலது கை போன வழியிலேயே போனது. பிரஷை மணிக்கட்டோடு ரப்பர் பேண்டால் கட்டச் சொன்னாள். கட்டினேன். முழங்கையைத் தூக்க முடியாமல் பேப்பர் மேலேயே கை விழுந்து, அன்று போட்ட வானம் முழுக்கக் கலைந்தது. பிரஷை அவிழ்த்துவிட்டு நான் பேப்பரை எடுத்துக் குப்பையில் போடப் போனேன்.

"போடாதீங்க," என்றாள். "பின்பக்கம் காலியாத்தான கீது. நீங்க புடிங்க."

"எத?"

"பிரஷ்ஷத்தான். நான் சொல்றேன், நீங்க போடுங்க."

அப்படித்தான் ஐம்பத்து மூன்று வயதில் வாட்டர்கலர் கற்க உட்கார்ந்தேன்.

பேப்பரிலிருந்து ஆரம்பித்தாள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மெல்லிசு பேப்பர் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பஞ்சில் செய்த கனமான பேப்பர் வேண்டும். அதையும் ஒரு டப்பில் ஊறப்போட்டு, ஈரத்தோடு பிளைவுட் பலகையில் விரித்து, நான்கு ஓரத்திலும் பழுப்புப் பசை டேப் ஒட்டிக் காயவிட வேண்டும். காய்ந்ததும் விறைப்பாக நிற்கும். இது எனக்கு எளிதாக வந்தது. அளவெடுத்து, நேராக ஒட்டி, மூலை மடித்துக் கொடுத்தேன். "இதுல நீங்க பாஸு," என்றாள்.

தண்ணீர் இரண்டு குவளை. ஒன்று பிரஷ் அலச, ஒன்று நிறம் கலக்க. நான் இரண்டையும் மாற்றி மாற்றித் தோய்த்து பத்து நிமிஷத்தில் இரண்டையும் சேறாக்கினேன். பிரஷைக் குவளைக்குள் நிறுத்திவைத்துவிட்டு டீ போடப் போனேன். மேசையிலிருந்தே கத்தினாள். முனை வளைந்துபோகுமாம். படுக்கவைக்க வேண்டுமாம். மூன்றே பிரஷ்தான் வைத்திருந்தாள். வானத்துக்கும் தண்ணீருக்கும் அகலமான தட்டை பிரஷ் ஒன்று. நனைத்தால் ஊசிபோல் முனை கூடும் உருண்டை பிரஷ் இரண்டு, பெரியதும் சிறியதும்.

"ஸ்பேனர் புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க. கொஞ்சம் மேல தள்ளிப் புடிங்க. தோள்ல இருந்து வரணும்."

தோளிலிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஒரே நிறத்தைச் சீராகப் பரப்புவதற்கு வாஷ் என்று பெயர். பலகைக்கு அடியில் ஒரு தடிப் புத்தகத்தை வைத்துச் சரிவாக்கச் சொன்னாள். நிறத்தைத் தட்டில் தாராளமாகக் கரைத்துக்கொண்டு, தட்டை பிரஷை நன்றாக நனைத்து, மேலே இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு. இழுத்த கோட்டின் அடியில் நிறநீர் ஒரு வரிசையாகத் திரண்டு நிற்கும்.

"அது கீழ எறங்கறதுக்குள்ள அதத் தொட்டுக்கினு அடுத்த கோடு. அப்புறம் அடுத்தது. நிறுத்தாம வாங்க. கடைசியில திரண்டு நிக்கற தண்ணிய, பிரஷ்ஷப் புழிஞ்சிட்டு ஒத்தி எடுத்துருங்க."

மூன்றாவது கோட்டில் ஒரு இடம் வெளுத்துத் தெரிந்தது. கை தானாக மேலே போய் அதைச் சரி செய்தது.

"திரும்பிப் போகாதீங்க!"

"அங்க ஒரு ஓட்டை மாதிரி..."

"இருக்கட்டும். ஈரத்துல கை வெச்சா திட்டு விழும். வுட்டது வுட்டதுதான்."

திட்டு விழுந்தது. எனக்கு அது புரியவே இல்லை. என் வேலையில் திரும்பிப் போவதுதான் வேலை. முடுக்கிய போல்ட்டை இன்னொரு முறை முடுக்கிப் பார்க்காமல் நான் எந்த லிஃப்டையும் விட்டு இறங்கியதில்லை. இங்கே அந்த இன்னொரு முறைதான் குற்றம். முப்பது வருடப் பழக்கத்தை ஒரு அடி அகலப் பேப்பரில் என்னால் விட முடியவில்லை.

சில ஞாயிறுகள் சிரித்தோம். பல ஞாயிறுகள் சண்டை. நான் வரைந்த அல்சூர் ஏரி பழைய போர்வை மாதிரி இருந்தது. "இத வுடுங்க, போயி கார்ப்பரேஷன் செவுத்துக்கு சுண்ணாம்பு அடிங்க," என்பாள். ஒரு தடவை நான் பிரஷை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஒரு அரை மணி நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. விரட்டக் கை வராமல் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் நடுவில் எழுந்து போனதில்லை.

எனக்குக் கடைசிவரை வராதது ஈரத்தின் மேல் ஈரம் வைப்பது. பேப்பரை முதலில் வெறும் தண்ணீரால் நனைக்க வேண்டும். நனைந்ததும் அது கண்ணாடிபோல் பளபளக்கும். அப்போது நிறம் வைத்தால் கண்டபடி ஓடிவிடும். முழுக்கக் காய்ந்தபின் வைத்தால் ஓரம் கத்திபோல் நின்றுவிடும். நடுவில் ஒரு நேரம் உண்டு. பளபளப்பு அடங்கி, ஆனால் ஈரம் போகாமல் இருக்கும் நேரம். அப்போது வைத்தால் நிறம் தானே மெல்லப் பரவி மேகமாக, மூடுபனியாக நிற்கும். அந்த நேரத்தையும் தாண்டி, பாதி காய்ந்த இடத்தில் தண்ணீர் அதிகமுள்ள பிரஷ் பட்டால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் கிழிந்த கறை விழும். அது போகாது.

அந்த நேரத்தை என் கண்ணால் பிடிக்க முடியவில்லை. அவள் பிடிப்பாள். நாற்காலியில் தலையைச் சாய்த்து, பேப்பரை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "இருங்க... இருங்க... இப்போ." நான் வைப்பேன். இரண்டு மூன்று முறை அது சரியாக வந்தது. மழை கட்டிய வானம் ஒன்று என் கையில் வந்தபோது, அவள் அதையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது வந்துச்சி," என்றாள். அதற்கு மேல் பாராட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கால்களை முடக்கிவிட்டு நோய் நாக்குக்கு வந்தது. முதலில் 'ர' போனது. பிறகு வார்த்தைகள் நீண்டன. ஒவ்வொரு எழுத்தையும் தள்ளித் தள்ளிச் சொல்ல வேண்டியிருந்தது. "இப்போ" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பேப்பர் காய்ந்துவிட்டிருக்கும். அவளுக்கு அது தெரியும். முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துப் பார்த்தாள். அப்போது நான் அவசரப்பட்டு முன்னாலேயே வைத்துவிடுவேன். கடைசியில் கண்ணை மூடித் திறந்தால் 'இப்போ' என்று வைத்துக்கொண்டோம். நான் அவள் கண்ணைப் பார்த்தால் பேப்பரைப் பார்க்க முடியவில்லை. பேப்பரைப் பார்த்தால் அவள் கண் தெரியவில்லை.

அந்த டிசம்பரில் கோலார் தங்கவயலுக்குப் போக வேண்டும் என்றாள். அவள் பிறந்த ஊர். அவள் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். பெற்றோர் இருவரும் போய் வெகு காலமாகிவிட்டது. பார்க்க ஆள் யாரும் அங்கே இல்லை. அவளுக்குப் பார்க்க வேண்டியது சயனைட் மேடுகள். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண், குன்று குன்றாக ஊருக்கு நடுவில் நிற்கிறது. புல் சரியாக முளைக்காது. சாம்பலும் மஞ்சளும் கலந்த வெளுப்பு. நல்ல வெயிலில் வெள்ளையாகவே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ முறை அதை அவள் வரைந்து பார்த்திருக்கிறேன்.

வாடகைக் காரில் போனோம். பக்கத்து வீட்டு கன்னடக்கார அம்மா கூட வந்தார். நான் டூட்டிக்குப் போகும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மேடுகளுக்கு எதிரே சாலையோரம் ஒரு புங்க மரத்தடியில் சக்கர நாற்காலியை நிறுத்தி, பலகையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"வெள்...ளைக்குப் பெயின்ட் கெடையாது," என்றாள். நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். "பேப்...பர்தான் வெள்ளை. மேட்ட வுட்டுட்டு... சுத்தி வாங்க."

வாட்டர்கலரில் வெளிச்சத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இளநிறம் முதலில், அடர்நிறம் அப்புறம். ஒருமுறை பேப்பரை மூடிவிட்டால் அந்த வெண்மை திரும்பாது. இதை அவள் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள். வானத்தை நனைத்தேன். தங்கவயல் காற்று வீட்டுக்குள் அடிக்கும் காற்று மாதிரி இல்லை. நான் நீலத்தைக் குழைப்பதற்குள் பாதி காய்ந்துவிட்டது. பதறிப்போய் இன்னும் தண்ணீர் வைத்தேன். அது கீழே இறங்கி, விட்டு வைத்திருந்த மேட்டுக்குள் ஓடியது.

"ஒத்...துங்க," என்றாள். டிஷ்யூவால் ஒத்தினேன். ஈர பிரஷால் தேய்த்து எடுத்துப் பார்த்தேன். நீலம் போய் அழுக்குச் சாம்பல் நின்றது. வானத்தில் காலிஃபிளவர் கறை மூன்று.

பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "சென்னாகிதே, தும்ப சென்னாகிதே," என்று கன்னடத்தில் பாராட்டினார். என் மனைவி அவரைப் பார்க்கவில்லை. மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு பேப்பர்ல போடட்டுமா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்று தலையை அசைத்தாள். "போலாம்."

அதன்பின் நான் செய்ததை இன்றுவரை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்காக அவள் வாங்கி வைத்திருந்த போஸ்டர் கலர் பெட்டி அலமாரியில் இருந்தது. அதில் வெள்ளை டப்பா உண்டு. தன் படத்தில் ஒரு பொட்டுகூட அவள் அதைத் தொட்டதில்லை. மறுநாள் மதியம் அவள் தூங்கும்போது, அந்த வெள்ளையைக் கெட்டியாக எடுத்து, அழுக்கேறிய மேட்டின் மேல் பூசினேன். மேடு பளிச்சென்று வெளியே வந்தது. பார்க்க நன்றாக இருப்பதாகவே எனக்குப் பட்டது. அவள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன்.

விழித்ததும் பார்த்தாள். ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னாள். அப்போதும் புரியவில்லை.

"நல்லா வந்துக்கிதா?" என்று கேட்டேன்.

மூன்றாவது முறை அவள் சொல்லவில்லை.

பொங்கல் தாண்டியதும் பேச்சு முழுக்கப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகை கொடுத்தார்கள். ஒவ்வொரு எழுத்தாக நாம் சுட்டிக்காட்ட, வேண்டிய எழுத்து வந்ததும் நோயாளி கண்ணை இமைப்பார். இங்கிலீஷில் இருந்தது, கன்னடத்தில் இருந்தது. தமிழில் இல்லை. நானே எழுதினேன். பஞ்சுப் பேப்பரைப் பலகையில் ஒட்டி, அவளுடைய பெரிய உருண்டை பிரஷால், மேலே உயிரெழுத்து பன்னிரண்டு, கீழே மெய் வரிசை. தூரத்திலிருந்தும் தெரியவேண்டும் என்று அடர் நீலம். எழுத்துகள் நேராக வந்தன. 'ழ்' மட்டும் கொஞ்சம் கோணல். அந்த பிரஷால் நான் செய்ததில் உபயோகப்பட்டது அது ஒன்றுதான்.

அதில் அவள் முதலில் கேட்டது ஃபேன். பிறகு கழுத்து, தலையணை, தண்ணீர். மூன்றாம் நாள் சாயங்காலம் கஞ்சி ஊட்டி முடித்து வாயைத் துடைத்துவிட்டு, "வேற ஏதாவது?" என்றேன். இமைத்தாள். பலகையை எடுத்தேன்.

'எ'. பிறகு 'ட்'. பிறகு மேல் வரிசைக்குப் போய் 'உ'.

"எடு? எத எடுக்கணும்?"

கண்ணைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

படத்தைப் பிரித்து எடுத்தேன். அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு, "வெள்ளை போட்டுட்டேன். தெரியாம பண்ணல, தெரிஞ்சேதான் பண்ணேன்," என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பலகையைத் தூக்கிப் பிடித்தேன். எந்த எழுத்துக்கும் இமைக்கவில்லை. அடுத்த நாள் காலை குப்பை வண்டி வந்தபோது படத்தைக் கிழித்துப் போட்டேன். வாட்டர்கலர் பற்றி எங்களுக்குள் அதன்பின் பேச்சு இல்லை.

மூச்சு சிரமமானபோது, தொண்டையில் துளை போட்டு மெஷின் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வைத்தால் சில வருடம்கூடப் போகலாம், ஆனால் கண்ணைத் தவிர எதுவும் அசையாது என்றார். வீட்டில் பலகையை வைத்துக் கேட்டேன். 'வேணாம்' என்று ஐந்து எழுத்தும் தெளிவாக இமைத்தாள். "நான் பாத்துக்கறேன், வெச்சிக்கலாம்," என்று மறுபடி கேட்டேன். அதே ஐந்து எழுத்து. மூன்றாவது முறை கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜூன் மாதம் ஒரு மதியம், நான் மிக்ஸியில் கஞ்சி அரைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள். மிக்ஸி சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் வந்து கையைப் பிடித்து, "பன்னி அண்ணா," வாங்க என்று கன்னடத்தில் சொல்லிக் கூட்டிப்போனார்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து டியூப்கள், பேப்பர், பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். அவள் இடத்துக்கு வந்திருந்த டீச்சர் கம்ப்யூட்டரும் சேர்த்து எடுப்பவர். மரியாதையாகப் பேசினார்.

"இப்போ வாட்டர்கலர் இல்லீங்க சார். தண்ணி கொட்டி பெஞ்செல்லாம் பாழாவுதுன்னு நிறுத்திட்டாங்க. ஸ்கெட்ச் பேனாதான். இருந்தாலும் வெச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை.

இத்தனை கஷ்டத்திலும் ஒரு கலையைக் கற்றுக்கொண்டீர்களே என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன். எனக்கு வரையத் தெரியாது. அவள் சொன்னால் செய்யத் தெரியும், அதுவும் பாதிதான். மழைக்காலத்தில் லிஃப்ட் குழிகளில் தண்ணீர் நிற்கும், வேலை அதிகம். நேற்றுக்கூட இந்திராநகரில் ஒரு கட்டடத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று மோட்டார் போட்டு இறைத்தோம். மத்தியானம் ஆரம்பித்தது, முடிய ஏழு மணி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து, குளித்து, இருந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.